கால்ஷீட் கேட்காத ஹீரோக்கள்

கோடம்பாக்கத்தில் ரொம்ப காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கதை. படம் பாதி முடிந்திருக்கிறது. ஹீரோ திடீரென்று முறுக்கிக்கொள்கிறார். இன்னும் கொஞ்சம் சம்பளம் போட்டுக் கொடுத்தால்தான் நாளைக்கு ஷூட்டிங் வருவாராம். டைரக்டர் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. ஹீரோவை அனுப்பிவிட்டு உதவியாளரைக் கூப்பிடுகிறார். மந்திரவாதி சாபம் விட்டதாக ஒரு சீன் எழுதச் சொல்கிறார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ஹீரோ கிளி!

மிச்சப் படத்தில் கிளிதான் நடிக்கும். கதாநாயகி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுவாள். கிளிக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் போதும். கடைசி ரீலில் சாபம் தீர்கிற அன்றைக்கு மட்டும் ஹீரோவைக் கூப்பிட்டால் சரி. அதற்குள் அவரும் வழிக்கு வந்திருப்பார்.

சிலர் கிளி என்பார்கள், சிலர் ஆட்டுக்கடா என்பார்கள், குரங்கு என்று சொல்பவர்களும் உண்டு. நடந்ததோ இல்லையோ, சினிமாக்காரர்கள் இந்தக் கதையை ஒரே ஒருவர் பேரில்தான் சொல்வார்கள். பி.விட்டலாச்சார்யா. ஆந்திராவில் 'ஜானபத பிரம்மா'. நமக்கு மாயாஜாலப் பட மன்னன்.

பேய், பிசாசு, மோகினி, மந்திரவாதி, பாம்பு, அம்மன்... இப்படிப்பட்ட படங்களைக் கொஞ்சூண்டு காசில் எடுத்தவர்களைப் பற்றிச் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து போய்விடுவார்கள். அல்லது சிரிப்பார்கள். நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் சிரிப்போடு சேர்ந்து ஒரு மரியாதையும் வரும். ஏனென்றால் அவர்கள் எடுத்தது சினிமா மட்டும் இல்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கும்.

விட்டலாச்சார்யா 1920-ல் உடுப்பி பக்கத்தில் உத்யாவரத்தில் பிறந்தவர். அப்பா ஆயுர்வேத வைத்தியர். பையன் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சின்ன வயசிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, அரசிக்கெரெ வந்து சேர்ந்தார். கிடைத்த வேலையெல்லாம் செய்தார். அப்புறம் சொந்தக்காரர் ஒருவரின் ஓட்டலை வாங்கி நடத்தினார். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை. வெளியே வந்ததும் ஓட்டலைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, சங்கர் சிங் முதலான நண்பர்களோடு சேர்ந்து ஹாசன் ஜில்லாவில் டூரிங் டாக்கீஸ் ஆரம்பித்தார். ஒன்று நாலு கொட்டகையானது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டூரிங் டாக்கீஸ் முதலாளிக்குத் தெரிந்த விஷயங்கள் எந்த ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டிலும் கிடைக்காது. எந்த சீனில் தரை டிக்கெட் எழுந்து பீடி பற்ற வைக்கப் போகிறது, எந்த சீனில் பெஞ்சு டிக்கெட் விசில் அடிக்கிறது, எந்தப் படத்துக்கு மறுநாளும் அதே ஆள் வருகிறான்... எல்லாமே ராத்திரிக்கு ராத்திரி கண் முன்னால் தெரியும். விட்டலாச்சார்யா தன் கொட்டகைக்கு வந்த படத்தையெல்லாம் உட்கார்ந்து பார்த்தார். சினிமா கற்றுக்கொண்டது அங்கேதான். அப்புறம் மைசூர் போய் சங்கர் சிங்கோடு சேர்ந்து 'மகாத்மா பிக்சர்ஸ்' என்று கம்பெனி ஆரம்பித்துக் கன்னடப் படங்கள் எடுத்தார்கள். 1951-ல் அந்தக் கம்பெனியின் 'ஜகன்மோகினி' நன்றாக ஓடியது. 1953-ல் தனியாக 'விட்டல் புரொடக்‌ஷன்ஸ்'. 1954-ல் எடுத்த 'கன்யாதான'வைத் தெலுங்கில் திருப்பி எடுக்கச் சென்னை வந்தவர், டெக்னீஷியன்கள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள் என்று இங்கேயே தங்கிவிட்டார்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஓட்டல்காரர். கொட்டகைக்காரர். பிறகுதான் டைரக்டர்.

இதே கதையை லண்டனுக்குக் கொண்டு போங்கள். உலகத்துக்கே டிராகுலாவைக் கலரில் காட்டிய 'ஹாமர்' கம்பெனியை ஆரம்பித்தவர்கள் யார்? வில்லியம் ஹைண்ட்ஸ் என்று ஒரு வியாபாரி. நகைக்கடை வைத்திருந்தவர், மேடையில் காமெடி பண்ணுகிற பைத்தியமும் உண்டு. 'ஹாமர்' என்பது அவருடைய மேடைப் பெயர். அவரோடு கூட்டுச் சேர்ந்தவர் என்ரிக் கரேராஸ். ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்து சினிமா தியேட்டர்கள் நடத்தியவர். பம்பாய்க்குப் போனால் ராம்சே பிரதர்ஸ். அப்பா எஃப்.யு.ராம்சே கராச்சியில் ரேடியோ கடை வைத்திருந்தவர். ராம்சிங்கானி என்ற பெயர் வெள்ளைக்கார கஸ்டமர்கள் வாயில் நுழையாமல் ராம்சே ஆனது. பிரிவினையில் பம்பாய் வந்து மறுபடியும் ரேடியோ கடை போட்டார்.

ஓட்டல், நகைக்கடை, ரேடியோ கடை, தியேட்டர். பேயை வளர்த்தவர்கள் எல்லாரும் கல்லாவில் உட்கார்ந்தவர்கள்!

கல்லாவில் உட்கார்ந்தவன் முதலில் யோசிப்பது ஒன்றுதான். செலவில் பெரிய ஐட்டம் எது, அதை எப்படிக் குறைப்பது? சினிமாவில் பெரிய ஐட்டம் ஸ்டார் சம்பளம். ஸ்டார் இல்லாமல் கூட்டம் வர வேண்டும் என்றால் ஸ்டாரை விடப் பெரிய ஆள் வேண்டும். யார் இருக்கிறார்? பேய் இருக்கிறது. அம்மன் இருக்கிறாள். பேய்க்கு மார்க்கெட் இறங்காது. அம்மனுக்கு வயசாகாது. இரண்டு பேருமே அட்வான்ஸ் கேட்டு ஆள் அனுப்ப மாட்டார்கள்.

1957-ல் ஹாமர் எடுத்த 'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' பட்ஜெட் சுமார் 65,000 பவுண்டுதான். கலெக்‌ஷன் அதைப்போலப் பல மடங்கு. ஸ்டுடியோ என்று பெயர்தான். தேம்ஸ் நதிக்கரையில் பிரே என்ற ஊரில் ஒரு பழைய பங்களா. அதே மாடிப்படியை, அதே ஹாலை, திரைச்சீலை மாற்றி மாற்றிப் படத்துக்குப் படம் காட்டினார்கள். 1965-ல் ஒரு டிராகுலா படத்துக்குப் போட்ட செட்டைக் கலைக்காமல், கையோடு ரஷ்யாவின் ரஸ்புடின் கதையையும் அதிலேயே எடுத்து முடித்தார்கள். ரெண்டுக்கும் ஹீரோ கிறிஸ்டோபர் லீ. அந்த டிராகுலா படத்தில் லீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். கேவலமான வசனம், அதனால்தான் பேசவில்லை என்றார் லீ. நான் அவருக்கு வசனமே எழுதவில்லை என்றார் கதாசிரியர். எப்படியோ, வசனமே பேசாத ஹீரோவை வைத்தும் படம் ஓடியது.

அந்த ஊரில் பெரியவர்களுக்கு மட்டும் என்கிற படத்துக்கு அப்போது 'எக்ஸ்' சர்ட்டிஃபிகேட் கொடுப்பார்கள். மற்ற கம்பெனிகள் அதைக் கண்டு பயந்தன. ஹாமர் என்ன செய்தது தெரியுமா? 1955-ல் ஒரு படத்துக்கு 'எக்ஸ்பெரிமென்ட்' என்ற வார்த்தையில் முதல் எழுத்தை வெட்டி, 'எக்ஸ்' பெரிசாகத் தெரிகிற மாதிரி டைட்டில் வைத்தது! சென்சார் போட்ட சூட்டையே போஸ்டர் ஆக்கிவிட்டார்கள். 1968-ல் இந்தக் கம்பெனிக்கு ராணியின் தொழில்துறை விருது கொடுத்தது பிரிட்டன். கலைக்கு இல்லை சார், வெளிநாட்டுப் பணம் கொண்டு வந்ததற்கு!

அங்கே கோமாளிகளும் குறைவில்லை. பீட் வாக்கர் என்று ஒரு டைரக்டர். மேடைக் காமெடியன் மகன். 1974-ல் 'ஃபிரைட்மேர்' என்று ஒரு படம். மனித மாமிசம் தின்னும் ஒரு பாட்டி, கையில் டிரில்லிங் மிஷின். பேப்பர்காரர்கள் காறித் துப்பினார்கள். மனுஷன் அசரவில்லை. தன் சொந்தக் காசில் எடுத்தார், லாபம் பார்த்தார், 1983-ல் ஒரு படத்தோடு டைரக்‌ஷனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பழைய தியேட்டர்களை வாங்கிப் புதுப்பிக்கும் தொழிலுக்குப் போய்விட்டார். கல்லாவிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் என்றால், இவர் கல்லாவுக்குப் போனவர்.

ராம்சே குடும்பத்துக்கு வழி காட்டியதும் ஆடியன்ஸ்தான். 1970-ல் அவர்கள் எடுத்த ஒரு படம் படுத்துவிட்டது. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் பயங்கரமான முகமூடி போட்டுக்கொண்டு திருட வருகிற ஒரே ஒரு சீனுக்கு மட்டும் ஜனங்கள் வருகிறார்கள் என்று மகன்கள் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு சீனையே முழுப் படமாக எடுத்தால் என்ன? அண்ணன் தம்பி ஏழு பேர். ஒருவர் கதை, ஒருவர் கேமரா, ஒருவர் சவுண்டு, ஒருவர் எடிட்டிங், டைரக்‌ஷனுக்கு துளசியும் ஷ்யாமும். குடும்பத்துப் பெண்கள் யூனிட்டுக்குச் சமைத்தார்கள். மகாபலேஷ்வரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் எல்லாரும் தங்கி, அங்கேயே எடுத்து, 1972-ல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' வெளியானது. பட்ஜெட் மூன்றரை லட்சம். சம்பளம் வாங்காத ஆர்ட்டிஸ்ட் பேய் என்றால், சம்பளம் வாங்காத டெக்னீஷியன் தம்பி!

விட்டலாச்சார்யாவுக்கு வருவோம். அவரை ஏதோ துண்டு துக்கடா ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 1970-ல் அவர் எடுத்த 'அலிபாபா 40 தொங்கலு' படத்தில் ஜோடி யார் தெரியுமா? என்.டி.ராமராவும் ஜெயலலிதாவும். பின்னாளில் இரண்டு மாநிலங்களை ஆண்ட இரண்டு முதலமைச்சர்கள், ஒரே ஃபிரேமில். ஆனால் அவர் பெயரை நம் ஊர் சந்து பொந்துக்கெல்லாம் கொண்டு வந்தது பெரிய ஸ்டார் யாரும் இல்லாத படம். 1978-ல் தெலுங்கில் எடுத்து, தமிழில் டப் செய்யப்பட்ட 'ஜகன்மோகினி'. பழைய கன்னடப் படத்தின் தலைப்பையே தூசி தட்டி எடுத்தார். நரசிம்ம ராஜு ஹீரோ. மோகினிப் பிசாசாக ஜெயமாலினி.

அந்தப் படத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது ஒரே காட்சி. சமைக்க உட்காருகிற மோகினி, விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டுவாள். கால் திகுதிகுவென்று எரியும். அவள் பாட்டுக்குச் சமையல் பண்ணிக்கொண்டிருப்பாள்.

எத்தனையோ கோடி கொட்டி எடுத்த கிராஃபிக்ஸ் காட்சிகளை மறுநாளே மறந்து போகிறோம். இது மட்டும் ஏன் நாற்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறது? நான் நினைப்பது இது. அந்தக் காலத்தில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் வீட்டில் விறகு அடுப்பு. விறகு கிடைக்காத கஷ்டம், ஈர விறகின் புகை, ஊதுகுழல் ஊதி ஊதிக் கண் எரிகிற எரிச்சல், எல்லாம் தினப்படி. பயத்தைச் சுடுகாட்டில் போய்த் தேடாமல் அடுப்படிக்குள் கொண்டு வந்து வைத்தார் மனுஷன். அதுவும் பொய்க்கால்தான் என்று பத்து வயசுப் பையனுக்கும் தெரியும். தெரிந்தும் ராத்திரி அடுப்படிப் பக்கம் போக மாட்டான். மொத்தச் செலவு ஒரு பொய்க்கால், ஒரு கட்டு விறகு!

மாயாஜாலம் என்றால் கம்ப்யூட்டர் இல்லாத காலத்து மாயாஜாலம். கேமராவை நிறுத்து, ஆளை நகர்த்து, மறுபடி ஓட்டு, ஆள் மறைந்தாச்சு. லென்ஸுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு பக்கம் எடு, ஃபிலிமைப் பின்னால் சுற்று, இப்போது மறு பாதியை மறைத்து எடு. ஒரே ஆள் இரண்டாக நிற்பார். ஃபிலிமைத் தலைகீழாக ஓட்டினால் கீழே விழுந்த கத்தி கைக்குத் திரும்பி வரும். 1957-ல் 'மாயா பஜார்' படத்தில் கேமராமேன் மார்கஸ் பார்ட்லி லட்டுகளை வரிசையாகக் கடோத்கஜன் வாய்க்குள் பறக்கவிட்டாரே, அதே வித்தைகள்தான். விஜயா வாஹினி மாதிரி பெரிய ஸ்டுடியோ நிதானமாகச் செய்ததை இவர் வேகமாக, சல்லிசாகச் செய்தார். போன படத்து அரண்மனைத் தூண் இந்தப் படத்தில் குகை வாசலில் நிற்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

சாத்தூர் மாதிரி ஊரில் இந்த வித்தைகளைப் பார்ப்பது தனி அனுபவம். மந்திரவாதி 'டப்'பென்று புகையோடு மறைகிற சீனில், மற்ற ஊர்களில் வாயைப் பிளப்பார்கள். எங்கள் ஊரில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "டேய், மருந்து பத்தலடா!" பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறவனுக்குப் பளீர் வெளிச்சமும் வெண்புகையும் பிழைப்பு. எந்த மருந்து, எவ்வளவு போட்டிருக்கிறான் என்று திரையைப் பார்த்தே சொல்வான். ஆனால் அதே ஆள் ஜெயமாலினி காலை அடுப்பில் வைத்ததும் காராச்சேவுப் பொட்டலத்தைக் கீழே போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சிவகாசிக்கும் இந்தப் படங்களுக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக லித்தோ அச்சு வந்தது. அச்சகம் பெருகியதும் காலண்டர், அப்புறம் சினிமா போஸ்டர். பேய்ப் படத்தைப் பொறுத்தவரை போஸ்டர்தான் பாதிப் படம். படத்தில் ஐந்து நிமிஷம் வருகிற பேய், போஸ்டரில் ஆறடிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். ரத்தச் சிவப்பு மையைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஓட்டியிருப்பார்கள். 'இதய நோயாளிகளும் கர்ப்பிணிப் பெண்களும் பார்க்க வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. இந்த வித்தையில் அமெரிக்காவின் வில்லியம் காஸில் எல்லாருக்கும் அப்பன். 1958-ல் தன் படத்தைப் பார்த்துப் பயத்தில் யாராவது செத்தால் ஆயிரம் டாலர் என்று லண்டன் லாயிட்ஸில் இன்ஷூரன்ஸே எடுத்துவிட்டார். 2008-ல் நம்ம ராம்கோபால் வர்மா 'ஃபூங்க்' படத்தைத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்த்தால் ஐந்து லட்சம் என்றாரே, அதெல்லாம் இந்த வம்சம்தான்.

தமிழில் இந்தக் கடையை மொத்த வியாபாரமாக நடத்தியவர் இராம.நாராயணன். காரைக்குடிக்காரர். பாட்டெழுதும் ஆசையோடு சென்னை வந்து, எம்.ஏ.காஜாவோடு சேர்ந்து 'ராம்-ரஹீம்' என்ற பெயரில் எழுதியவர். 1981-ல் 'சுமை' மூலம் டைரக்டர். அதே வருஷம் ஏவி.எம்.முக்காக 'சிவப்பு மல்லி'. விஜயகாந்தை வைத்து உழைப்பாளி வர்க்கம், போராட்டம் என்று செக்கச் செவேல் படம். அந்த மனுஷன் எப்படிப் பாம்பு, குரங்கு, யானை, அம்மன் பக்கம் வந்தார்?

கணக்குதான். பேய்ப் படத்துக்கு 'ஏ' சர்ட்டிஃபிகேட் விழும். அதற்கு வருவது இளவட்டம், ஆளுக்கு ஒரு டிக்கெட். அம்மன் படத்துக்கு 'யு'. ஒரு குழந்தை "யானைப் படம் பாக்கணும்" என்று அடம் பிடித்தால் அம்மா வருவாள், பாட்டி வருவாள், அத்தை வருவாள், கைக்குழந்தையும் வரும். ஒரு அழுகைக்கு நாலு டிக்கெட்! பேய்ப் படத்தில் ஆடியன்ஸைப் பயமுறுத்திய அதே தந்திரக் காட்சிகளை எடுத்துச் சாமி கையில் கொடுத்துவிட்டார் இராம.நாராயணன். ரத்தம் குறைந்தது, குங்குமம் கூடியது.

1990-ல் 'ஆடி வெள்ளி'. சீதா, நிழல்கள் ரவி, ஒரு யானை, ஒரு பாம்பு. அதே வருஷம் 'துர்கா'. பேபி ஷாமிலி, ஒரு குரங்கு, ஒரு நாய். எங்கள் பக்கத்தில் 'ஆடி வெள்ளி' என்ற தலைப்புக்கே தனியாக விளம்பரம் தேவையில்லை. சாத்தூருக்குக் கிழக்கே வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஜனம் நடந்தும் வண்டி கட்டியும் வந்து குமியும். அந்த ஜனத்துக்குப் பெரிய ஹீரோ அம்மன்தான் என்று காரைக்குடிக்காரருக்குத் தெரிந்திருந்தது.

இதில் சுவையான விஷயம் என்னவென்றால், அந்த நேரத்தில் அவர் 1989 தேர்தலில் காரைக்குடியில் ஜெயித்த தி.மு.க. எம்.எல்.ஏ! பகுத்தறிவு இயக்கத்தின் வழியில் வந்த கட்சி. சட்டமன்றத்தில் உட்கார்ந்தபடியே அம்மன் படம். கிண்டல் பண்ணியவர்கள் உண்டு. எனக்குக் கிண்டல் பண்ணத் தோன்றவில்லை. நாத்திகர் கடை வைத்திருந்தாலும் ஆடி மாசத்தில் மஞ்சள் குங்குமம் விற்கத்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒருவர் இருந்தார். வேலு பிரபாகரன். கேமராமேனாக இருந்து டைரக்டர் ஆனவர், கறாரான நாத்திகர். அவரும் 1989-ல் ஒரு பயப் படம் எடுத்தார். 'நாளைய மனிதன்'. கடவுளும் கிடையாது பேயும் கிடையாது என்கிறவர் என்ன செய்வார்? செத்தவனை மருந்து கொடுத்து எழுப்பிவிட்டார்! அஜய் ரத்னம்தான் எழுந்து வந்த பிணம். ஹாமர் கம்பெனியின் ஃபிராங்கன்ஸ்டைனுக்குத் தமிழில் தூரத்துச் சொந்தம். அடுத்த வருஷமே 'அதிசய மனிதன்' என்று இரண்டாம் பாகம். பிறகு 'கடவுள்' என்ற பெயரிலேயே படம் எடுத்துச் சண்டைக்கு நின்றார். 2025 ஜூலையில் காலமாகும் வரை யாரோடும் சமாதானம் ஆகாத மனுஷன். என் கணக்கில் தமிழ்ப் பயப் படங்களில் நிஜமான விசித்திரப் பிறவி இவர்தான். 1991-ல் ஹாலிவுட் 'ஓமன்' படத்தை 'ஜென்ம நட்சத்திரம்' ஆக்கிய தக்காளி சீனிவாசனுக்கு இரண்டாவது இடம். பெயருக்காகவே கொடுக்கலாம்!

இன்றைக்குப் பெரிய கம்பெனி என்று நாம் சொல்கிறவர்களும் பேயிடம்தான் முதல் போட்டுத் தொழில் கற்றார்கள். 'கபாலி' எடுத்த கலைப்புலி எஸ்.தாணு தயாரிப்பாளராக இறங்கிய முதல் படம் 1985-ல் வந்த 'யார்?'. அர்ஜுன், நளினி நடித்தது.

சரி, இவ்வளவு சல்லிசாகப் படம் எடுத்தால் மிச்சச் செலவை யார் கொடுத்தது? காமர்ஸ் வாத்தியார் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: பேரேட்டில் வராத செலவை வேறு யாரோ கொடுத்திருப்பார்கள். சம்பளம் கேட்காத ஹீரோக்களில் பேய்க்கும் அம்மனுக்கும் வலி இல்லை. பாம்புக்கும் குரங்குக்கும் இருந்தது. பாம்பாட்டிகள் பாம்பின் பல்லைப் பிடுங்குவதும் வாயைத் தைப்பதும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. திரையில் குரங்கு சல்யூட் அடித்தபோது கை தட்டிய நாங்கள் யாரும், அதை எப்படி அடிக்கப் பழக்கினார்கள் என்று கேட்கவில்லை. பதினாலு வருஷம் ஒரே ரூபாய்க்கு விற்றுவிட்டு, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆன தீப்பெட்டியின் நிஜ விலை என்ன என்று எங்கள் பக்கத்தில் கேளுங்கள், சொல்வார்கள்.

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றைப் பழக்கி வித்தை காட்டக்கூடாது என்று 1998-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2001-ல் உறுதியானது. சினிமாவில் விலங்குகளை நடிக்க வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்ற விதிகளும் அதே வருஷம் வந்தன. குரங்கு ஹீரோவின் சகாப்தம் முடிந்தது. நல்லதுதான்.

அம்மன் அதற்கு முன்பே செலவாளி ஆகிவிட்டாள். 1995-ல் தெலுங்கில் கோடி ராமகிருஷ்ணா எடுத்த 'அம்மோரு', தமிழில் 'அம்மன்' என்று வந்தது. சௌந்தர்யா, ரம்யா கிருஷ்ணன். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் அம்மன் வானத்துக்கும் பூமிக்கும் நின்றாள். அதைப் பார்த்த ஜனம் அட்டைத் திரிசூலத்தை ஒத்துக்கொள்ளுமா? இராம.நாராயணனும் 2000-ல் 'பாளையத்து அம்மன்', 'ராஜகாளி அம்மன்' என்று கிராஃபிக்ஸோடுதான் வந்தார். இரண்டும் நன்றாகவே ஓடின. ஒன்பது மொழிகளில் 125 படங்களுக்கு மேல் டைரக்ட் செய்தவர், 2014 ஜூனில் சிங்கப்பூரில் காலமானார். அவர் ஆரம்பித்த தேனாண்டாள் நிறுவனத்தின் நூறாவது படம் 2017-ல் வந்த விஜய்யின் 'மெர்சல்'. பாம்புக்கும் குரங்குக்கும் பால் பழம் வாங்கிய கம்பெனி!

இடையில் பேயும் உஷாராகிவிட்டது. 2005-ல் 'சந்திரமுகி'யில் ரஜினியோடு வந்தது. 2011-ல் 'காஞ்சனா'வில் பேயாக நடித்தவர் சரத்குமார். ஸ்டார் சம்பளம் தர முடியாமல் பேயைத் தேடிப் போன தொழிலில், பேய்க்கே ஸ்டார் தேவைப்பட்டது.

விட்டலாச்சார்யா இதையெல்லாம் பார்க்கவில்லை. 1992-ல் கடைசிப் படம். 1999 மே மாதம் காலமானார். 2009-ல் நமீதாவை வைத்து 'ஜகன்மோகினி'யைத் தமிழில் மறுபடி எடுத்தார்கள். காசும் கிராஃபிக்ஸும் நிறைய. வந்த சுவடு தெரியாமல் போனது.

ஹாமரின் 1958 டிராகுலாவில் சென்சார் வெட்டிய சில நொடிக் காட்சிகள் டோக்கியோவில் ஒரு ஆவணக் காப்பகத்தில், பாதி கெட்டுப்போன ரீல்களில் இருப்பது தெரிந்தது. அங்கேயே போய் எடுத்து வந்து, சுத்தம் செய்து, 2012-ல் படத்தோடு சேர்த்துவிட்டார்கள். சில நொடிகளுக்காக! நம் டப்பிங் படங்களின் பிரிண்ட்டுகள் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று ஓடி ஓடி, கீறல் விழுந்து, கடைசியில் டூரிங் டாக்கீஸில் நாலு இடத்தில் அறுந்து ஒட்டப்பட்டு, அதற்கு மேல் ஓடாது என்றதும் கிலோ கணக்கில் எடைக்குப் போகும். வாங்குகிறவர்கள் ஃபிலிமைக் கரைத்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். மிச்ச பிளாஸ்டிக் வேறு எதற்காவது ஆகும்.

தமிழ் 'ஜகன்மோகினி' இப்போது யூடியூபில் கிடைக்கிறது. பழைய வீடியோ காசெட்டிலிருந்து எடுத்தது போல, மூலையில் ஏதோ ஒரு லோகோவோடு. நிறமெல்லாம் வெளுத்து, ஜெயமாலினி முகம்கூடச் சரியாகத் தெரியாது. அந்த அடுப்பு சீனில் மட்டும் நெருப்பு நன்றாகத் தெரிகிறது.